பண்டிதருக்கு எத்தனை மதிப்பெண்?



பண்டிதர் அயோத்திதாசரின் நினைவாக நாம் கூடியிருக்கும் இந்த அரங்கில் பாதிப்பேருக்கு மேல் மாணவர்கள். சிலர் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறீர்கள். சிலர் உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கிறீர்கள். ஆகவே இந்த ஆண்டு பண்டிதரின் பௌத்தத்திலிருந்து தொடங்காமல், உங்கள் விண்ணப்பப் படிவத்திலிருந்து தொடங்கலாம் என்று நினைத்தோம்.

வெளியிட்ட கட்டுரைகள் எத்தனை? அவை வந்த ஆய்விதழ்களின் தாக்கக் காரணி என்ன? மேற்கோள்கள் எத்தனை? எச்-இண்டெக்ஸ் எவ்வளவு? இந்தக் கட்டங்களுக்கு வரும்போது நம்மில் பலருக்குப் பேனா நின்றுவிடுகிறது. அந்தக் கட்டங்களைப் பண்டிதருக்காக ஒருமுறை நிரப்பிப் பார்ப்போம்.

1845-இல் பிறந்தவர். நமக்குப் பக்கத்து மலையான நீலகிரியில் பல ஆண்டுகள் வாழ்ந்து இயங்கியவர். 1907 ஜூன் 19 அன்று சென்னையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கினார். மறு ஆண்டு அது ‘தமிழன்’ ஆனது. 1914-இல் இறக்கும்வரை வரலாறு, சமயம், இலக்கணம், மருத்துவம், அரசியல் என்று வாரம் தவறாமல் எழுதினார். ‘இந்திரர் தேச சரித்திரம்’ அதில் எழுதப்பட்டதுதான். ஆனால் இதழின் ஆசிரியரும் அவரே, எழுதுபவரும் அவரே. சக ஆய்வாளர் மதிப்பீடு கிடையாது. சர்வதேசப் பதிப்பகம் கிடையாது. படிவத்தின்படி வெளியீடு: சுழியம்.

தாக்கக் காரணி என்பது ஓர் இதழில் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகள் இந்த ஆண்டு எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்று எண்ணி, அதைக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுப்பது. இரண்டே ஆண்டுகள். பண்டிதருக்கோ ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. அதுவரை தமிழக வரலாற்றை எழுதிய கல்விப்புலத்தில் அவர் பெயர் அருகியே வந்தது. வ. கீதாவும் எஸ்.வி. ராஜதுரையும் பிராமணரல்லாதார் இயக்க வரலாற்றை அயோத்திதாசரிலிருந்து தொடங்கி ஆங்கிலத்தில் எழுதியது 1998-இல். ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ பாளையங்கோட்டையிலிருந்து வந்தது 1999-இல். பிறகு ராஜ் கௌதமன் எழுதினார், டி. தருமராஜ் எழுதினார். இன்று அவரைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வேடுகள் வந்தபடி இருக்கின்றன.

நெடுநாள் கண்டுகொள்ளப்படாமல் கிடந்து திடீரென மேற்கோள் காட்டப்படும் ஆய்வை, மேற்கோள்களை எண்ணும் துறையினர் ‘உறங்கும் அழகி’ என்கிறார்கள். 2004-இல் நெதர்லாந்தின் வான் ரான் பரப்பிய பெயர் அது. பண்டிதருக்கு இந்தப் பெயர் பொருந்தாது. கோலார் தங்கவயலின் சித்தார்த்த புத்தகசாலை அவருடைய நூல்களை அச்சிட்டுக்கொண்டிருந்தது. சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் படித்துக்கொண்டிருந்தன. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் மக்கிப்போகும் தாள்களைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றினார்கள். அந்தச் சேகரிப்பு இல்லையென்றால் 1999-இன் தொகுதிகள் இல்லை. உறங்கியது பல்கலைக்கழகம். தாள்களைக் காத்தவர்களின் உழைப்புக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

இந்த எண்ணும் வழக்கம் எங்கிருந்து வந்தது? நல்ல நோக்கத்திலிருந்துதான். 1927-இல் கிராஸ் என்ற பெயருள்ள இருவர், ஒரு சிறிய கல்லூரி நூலகம் எந்த வேதியியல் இதழ்களை வாங்கலாம் என்று முடிவுசெய்வதற்காக, ஓர் அமெரிக்க வேதியியல் இதழின் அடிக்குறிப்புகளை உட்கார்ந்து எண்ணினார்கள். பணம் குறைவு, எதை வாங்குவது? அவ்வளவுதான் கேள்வி. சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1948-இல் நூலகப் பணிகளை அளக்கும் முறைக்கு ‘லைப்ரமெட்ரி’ என்று பெயர் வைத்தபோதும் அவர் கண் முன்னால் இருந்தது நூலகம்தான். பிலடெல்பியாவின் யூஜின் கார்பீல்டு 1955-இல் மேற்கோள் அட்டவணை என்ற யோசனையை முன்வைத்து, 1960-களில் அதை அச்சிட்டுக் கொண்டுவந்தார். ஒரு கட்டுரையிலிருந்து அடுத்ததைத் தேடிப் போவதற்கான வழிகாட்டி அது. 2005-இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் எச்-இண்டெக்ஸைச் சொன்னார்: ஒருவருடைய 10 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 10 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவர் எண் 10. நூலகத்துக்கு இதழ் வாங்கப் பிறந்த கணக்கு இப்படி ஆளை எடைபோடும் தராசாக மாறியது.

அதே ஹிர்ஷ் தன் கட்டுரையிலேயே ஓர் எச்சரிக்கையும் தந்திருக்கிறார். அவர் கணக்கில் இயற்பியலின் முன்னணியில் இருந்த எட்வர்டு விட்டனின் எண் 110. உயிரியல் துறையில் முன்னணியில் இருந்த சாலமன் ஸ்னைடரின் எண் 191. இதனால் விட்டன் சளைத்தவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். துறைக்குத் துறை எழுதும் பழக்கம் வேறு. ஆய்வகத்தில் பத்துப்பேர் சேர்ந்து ஆண்டுக்குப் பல கட்டுரைகள் எழுதுவார்கள். ஒவ்வொன்றிலும் நாற்பது, ஐம்பது மேற்கோள்கள். கணிதத்தில் அவ்வளவு இருக்காது. வரலாறும் சமூகவியலும் புத்தகங்களால் நடப்பவை. ஒருவர் தனியாக ஐந்தாண்டு களத்தில் அலைந்து ஒரு நூல் எழுதுவார். அதைப் படித்தவர் இன்னொரு நூலில் மேற்கோள் காட்டுவார். இதழ்களை மையமாகக் கொண்ட அட்டவணையில் இந்தப் பேச்சுவார்த்தையில் பெரும்பகுதி விழாது. அது தமிழில் நடந்தால் கேட்கவே வேண்டாம்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. ஒரு கட்டுரை பெற்ற மேற்கோளை, அதே துறையில் அதே ஆண்டில் வந்த அதே வகைக் கட்டுரைகளின் சராசரியால் வகுத்துப் பார்க்கலாம். சமூகவியலாளரைச் சமூகவியலாளரோடு ஒப்பிடும் வழி இது. 2015-இல் வந்த லெய்டன் அறிக்கை துறை வேறுபாட்டைக் கணக்கில் எடுக்கச் சொன்னது. உள்ளூர் மொழியில் உள்ளூர்த் தேவைக்காக நடக்கும் ஆய்வைக் காப்பாற்றவும் சொன்னது. ஆனால் வகுப்பதற்கும் முதலில் அட்டவணையில் இடம்பெற்றிருக்க வேண்டும். ‘தமிழன்’ இதழை எந்தச் சராசரியால் வகுப்பது?

இந்தியாவுக்கு வருவோம். பல்கலைக்கழக மானியக் குழு 2010-இல் ஆசிரியர்களுக்குப் புள்ளிக் கணக்கைக் கொண்டுவந்தது. 2018 விதிகளில் ஒரு கட்டுரைக்கு அறிவியல் துறைகளில் 8 புள்ளி, மொழி, சமூக அறிவியல் துறைகளில் 10 புள்ளி. துறை வேறுபாட்டை ஒப்புக்கொண்டதுபோல் இருக்கிறது அல்லவா? அதே அட்டவணையின் அடியில் தாக்கக் காரணி வருகிறது: 1-க்குக் கீழே என்றால் 10, 10-க்கு மேலே என்றால் 30. மருத்துவத்தில் 10-ஐத் தாண்டும் இதழ்கள் இருக்கின்றன. சமூகவியலில் அதைத் தேடிப்பாருங்கள். ஒரு கையால் இரண்டு புள்ளி கொடுத்து, மறு கையால் இருபதைப் பிடுங்கும் கணக்கு இது. பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பணிக்கான முதற்பட்டியலிலோ ஒரு கட்டுரைக்கு 2 மதிப்பெண், அதிகபட்சம் 10. புத்தகத்துக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை.

எது இதழ் என்பதை யார் முடிவுசெய்வது? 2018 மே மாதம் மானியக் குழு தன் ஏற்புப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்கள் அதில் ஏராளம். அவை போனதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் தலித்-பகுஜன் எழுத்தை வெளியிட்டுவந்த ‘ஃபார்வர்டு பிரஸ்’ இதழும் அவற்றோடு சேர்த்தே துடைக்கப்பட்டது. அடுத்து ‘கேர்’ என்ற பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டதாக அறிவித்தார்கள். இடையில் அந்தப் பட்டியலை நம்பிக் கட்டுரை அனுப்பிக் காத்திருந்தவர்களுக்கு யார் பதில் சொல்வது?

எங்களோடு முதுகலை சமூகவியல் படித்த தோழர் ஒருவர் சத்தியமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் மூன்றாண்டு பேருந்திலும் நடையிலும் அலைந்து, பஞ்சமி நிலங்கள் கைமாறிய கதையைச் சிறு நூலாக எழுதினார். 96 பக்கம். நண்பர்கள் காசு போட்டு அச்சிட்டோம். அதில் உள்ள சர்வே எண்களை வைத்து மனு எழுதியவர்கள் உண்டு. ஒரு கல்லூரி நேர்காணலில் அதைப் புரட்டிப் பார்த்தவர், “இதில் ஐ.எஸ்.பி.என். இல்லையே” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாராம். தோழர் இப்போது ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறார்.

இந்தக் கதையைக் கேட்டதும் எண்களையே தூக்கி எறியலாம் என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். புள்ளிக் கணக்கு வந்தபோது நம் மூத்த ஆசிரியர்கள் சிலர் அதை வரவேற்றார்கள். காரணம் இருந்தது. எண் சாதி கேட்காது. எதிரே உட்கார்ந்திருப்பவர் ஊரையும் அப்பா பெயரையும் கேட்பார். வெளிப்படையான விதி இருந்தால் வழக்காவது போடலாம். அந்த நம்பிக்கையை நாம் கேலி செய்ய முடியாது. ஆனால் 2018 விதி என்ன சொல்கிறது? உதவிப் பேராசிரியர் தேர்வில் இந்த மதிப்பெண்கள் நேர்காணலுக்கு அழைப்பதற்கு மட்டுமே. தேர்வு முழுக்க முழுக்க நேர்காணலை வைத்துத்தான். வாசலில் எண்ணைக் காட்டி நம்மை நிறுத்துகிறார்கள். எண்ணோடு உள்ளே போனால், எண் கணக்கில்லை என்கிறார்கள். அதன்பிறகு கோப்பில் ‘தகுதியானவர் எவரும் இல்லை’ என்று எழுதுவது எளிது.

அண்ணலின் ‘சாதி ஒழிப்பு’ நூலையும் இதே தராசில் வைக்கலாம். லாகூரில் ஆற்றவிருந்த உரை. அழைத்தவர்கள் பின்வாங்கியதால் ஆற்றப்படாத உரை. ஆகவே மாநாட்டுக் கட்டுரைப் புள்ளி இல்லை. 1936-இல் அண்ணலே சொந்தச் செலவில் 1,500 படிகள் அச்சிட்டார். ஆகவே பதிப்பகப் புள்ளியும் இல்லை. (ஐ.எஸ்.பி.என். அப்போது பிறக்கவே இல்லை, அது வேறு.) அந்த 1,500 படிகளும் இரண்டே மாதத்தில் தீர்ந்துபோயின. 1937 பதிப்பின் முன்னுரையில், குஜராத்தியிலும் தமிழிலும் நூல் வந்துவிட்டது என்று அண்ணல் குறிப்பிடுகிறார். அந்தத் தமிழ் வந்தது, பக்கத்து ஈரோட்டில் பிறந்த ‘குடி அரசு’ வழியாக. எங்கள் முதுகலைப் பாடத்திட்டத்தில் சாதி பற்றிய தாளுக்கு எம்.என். சீனிவாஸும் லூயி துய்மோனும் இருந்தார்கள். அண்ணல் அரசமைப்புச் சட்டத் தாளில் இருந்தார்.

மேற்கோள் காட்டுவது என்றால் என்ன? இது உன்னிடமிருந்து எனக்கு வந்தது என்று பெயர் சொல்லி ஒப்புக்கொள்வது. அந்தப் பெயரைச் சொல்ல மனம் வருகிறதா என்பதில்தான் சாதி உட்கார்ந்திருக்கிறது. எண்ணிக்கை பிறகுதான் வருகிறது. இதைப் பண்டிதர் நன்றாக அறிந்திருந்தார். வெள்ளை அதிகாரி வீட்டில் பட்லராக இருந்த தன் பாட்டனார் கந்தப்பன், தங்கள் வீட்டில் இருந்த திருக்குறள் ஓலைச்சுவடியை எல்லிஸிடம் கொண்டுபோய்க் கொடுத்தார் என்று ‘தமிழன்’ இதழில் எழுதிவைத்தார். குறள் அச்சேறிய கதையில் எல்லிஸின் பெயரை எல்லோரும் சொன்னார்கள். கந்தப்பனின் பெயரைச் சொல்ல, ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து அவர் பேரனே ஒரு இதழ் நடத்த வேண்டியிருந்தது.

அரங்கின் பின்மேசையில் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறோம். உங்கள் ஊரில், உங்கள் வீட்டில் இருக்கும் துண்டறிக்கைகள், சிறுநூல்கள், சங்க மலர்கள், நின்றுபோன பத்திரிகைகள் ஆகியவற்றின் பெயர், எழுதியவர், ஆண்டு, அச்சகம் நான்கையும் எழுதிவிட்டுப் போங்கள். யார் வீட்டுப் பரணில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்குள் முதல் பட்டியலைத் தட்டச்சு செய்துவிடுவோம். ஆய்வேடு எழுதுகிறவர்கள் அதிலிருந்து எடுத்தால், அடிக்குறிப்பில் பரண்காரரின் பெயரையும் போட்டுவிடுங்கள்.