குப்பையில் கிடைத்த சேதி: எக்ஸோசோமும் பித்தநாளப் புற்றுநோயும்

சத்தம் போடாமல் உடம்புக்குள் வளரும் நோயை எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தக் கேள்விக்கு மருத்துவம் இன்னும் முழு விடை சொல்லாத நோய்களில் ஒன்று பித்தநாளப் புற்றுநோய்.

கல்லீரலில் சுரக்கும் பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் மெல்லிய குழாய்தான் பித்தநாளம். இதன் உட்சுவரில் கட்டி வந்தால் ஆரம்பத்தில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது. கட்டி வளர்ந்து குழாயை அடைத்து, கண்கள் மஞ்சளான பிறகுதான் பலரும் மருத்துவரிடம் போகிறார்கள். அதற்குள் பெரும்பாலானவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்யக்கூடிய கட்டம் தாண்டிப் போயிருக்கும்.

உலகத்திலேயே இந்த நோய் மிக அதிகமாக இருக்கும் இடம் தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியான ஈசான். காரணம் ஒரு தட்டைப்புழு. ஒபிஸ்தார்க்கிஸ் விவெரினி என்று பெயர். முதலில் நத்தை, பிறகு கெண்டை வகை மீன், கடைசியில் மனிதன் என்று வீடு மாறிக்கொண்டே போகும் புழு இது. ஈசான் மக்கள் விரும்பிச் சாப்பிடும் "கோய் ப்ளா" என்ற பச்சை மீன் உணவு வழியாக மனித உடலுக்குள் நுழைந்து, பித்தநாளத்தில் பல வருடங்கள் குடியிருக்கிறது. அந்த நாட்பட்ட அழற்சிதான் சிலருக்குப் புற்றுநோயாக முடிகிறது. 1994ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, இந்தப் புழு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்று அறிவித்தது.

சரி, ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியாதா? ஒரு சோதனை இருக்கிறது. 1979ல் அமெரிக்காவின் விஸ்டார் நிறுவனத்தில் ஹிலாரி கொப்ரோவ்ஸ்கி குழுவினர் உருவாக்கிய ஒரு எதிர்ப்புப் பொருளிலிருந்து வந்தது அது. பெயர் சி.ஏ. 19-9. ஆனால் இதில் இரண்டு சிக்கல்கள். புற்றுநோயே இல்லாமல், வெறும் கல் அடைத்தாலும் சி.ஏ. 19-9 அளவு ஏறிவிடும். இன்னொரு பக்கம், லூயிஸ் என்ற ரத்தவகை இல்லாதவர்களின் உடல் இந்தப் பொருளைத் தயாரிப்பதே இல்லை. நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேர் வரை அப்படிப்பட்டவர்கள். அவர்களுக்குக் கட்டி எவ்வளவு பெரிதானாலும் சோதனை "ஒன்றுமில்லை" என்றே சொல்லும்!

இந்த இடத்தில்தான் எக்ஸோசோம் வருகிறது. ஆனால் அதன் கதை புற்றுநோயில் தொடங்கவில்லை, ஆட்டு ரத்தத்தில் தொடங்கியது.

1983ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரோஸ் ஜான்ஸ்டோன், செம்மறியாட்டின் இளம் சிவப்பணுக்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதே வருடம் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பிலிப் ஸ்டால் குழுவினர் எலியின் சிவப்பணுக்களில் இதே கேள்வியைத் துருவிக்கொண்டிருந்தார்கள். இரும்பைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஒரு ஏற்பிப் புரதம், அணு முதிர்ந்ததும் காணாமல் போகிறதே, எங்கே போகிறது? விடை ஆச்சரியமானது. செல் அந்தப் புரதத்தைக் குட்டிக் குட்டிப் பைகளில் கட்டி வெளியே தள்ளுகிறது. இந்தப் பைகளுக்குத்தான் எக்ஸோசோம் என்ற பெயர் நிலைத்தது. அளவு சுமார் 30 முதல் 150 நானோமீட்டர்.

செல் தனக்கு வேண்டாததை வெளியே கொட்டுகிறது என்றுதான் அப்போது நினைத்தார்கள். குப்பையை யார் கிளறுவார்கள்? பல வருடங்கள் அதிகம் பேர் கண்டுகொள்ளவில்லை. 1996ல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் கிராசா ரபோசோவும் சகாக்களும், நோய் எதிர்ப்பு செல்கள் விடும் எக்ஸோசோம்கள் மற்ற செல்களைத் தூண்டிவிட முடியும் என்று காட்டினார்கள். 2007ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் அவற்றுக்குள் ஆர்.என்.ஏ. இருப்பதையும், அதை இன்னொரு செல் பயன்படுத்திக்கொள்வதையும் காட்டினார்கள். குப்பைப் பை கடிதப் பையாக மாறிவிட்டது.

கடிதம் என்றால் அனுப்பியவர் முகவரி இருக்க வேண்டுமே? இருக்கிறது. எந்த செல் அனுப்பியதோ அதன் புரதங்கள் பையிலும் இருக்கும். புற்று செல்லும் இப்படிப் பைகளை ரத்தத்திலும் பித்தநீரிலும் விடுகிறது. 2015ல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. அந்த ஈசான் புழுவே இத்தகைய பைகளை வெளியிடுகிறதாம்! பித்தநாள செல்கள் அவற்றை விழுங்கி, புற்றுநோய்ப் பாதையில் போகும் விதமாக மாறுவதையும் ஆய்வகத்தில் பார்த்தார்கள்.

2017ல் ஸ்பெயினின் சான் செபாஸ்டியன் நகர ஆய்வாளர்கள், நோயாளிகளின் ரத்தத்திலிருந்து பிரித்த பைகளின் புரதங்களை ஒப்பிட்டார்கள். அமினோபெப்டிடேஸ் என் போன்ற சில புரதங்கள், புற்றுநோய் உள்ளவரையும் ஆரோக்கியமானவரையும் நன்றாகப் பிரித்துக் காட்டின. பித்தநாளம் நாள்பட்ட அழற்சியால் சுருங்கும் நோய் ஒன்று உண்டு. அதிலிருந்து புற்றுநோயைப் பிரித்தறிய வேறு சில புரதங்கள் உதவின. சி.ஏ. 19-9 தடுமாறும் இடம் இதுதான் என்பதால் இது முக்கியமான முடிவு.

அப்படியானால் நாளைக்கே மருத்துவமனைக்கு வந்துவிடுமா? அவசரப்படக் கூடாது. அந்த ஆய்வில் ஒவ்வொரு குழுவிலும் இருந்தவர்கள் சில பத்து பேர்தான். ரத்தத்தில் மிதக்கும் மற்ற புரதங்களும் கொழுப்புத் துகள்களும் எக்ஸோசோமோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன. பிரிக்கும் முறை மாறினால் முடிவும் மாறுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நோய் முற்றியவரிடம் ஒரு புரதத்தைக் கண்டுபிடிப்பது வேறு, அறிகுறியே இல்லாதவரிடம் கண்டுபிடிப்பது வேறு. நமக்குத் தேவை இரண்டாவது.

ஈசானில் 2013 முதல் கோன் கேன் பல்கலைக்கழகத்தின் திட்டம் ஒன்று கிராமம் கிராமமாகப் போய் அல்ட்ராசவுண்ட் சோதனை செய்து வந்திருக்கிறது. அந்த வரிசையில் நிற்கும் ஒரு விவசாயிக்கு, கண் மஞ்சளாகும் முன்பே ஒரு சொட்டு ரத்தம் சேதி சொல்லுமானால், 1983ல் இரண்டு ஆய்வகங்கள் குப்பையைக் கிளறியதற்கு அதைவிடப் பெரிய பரிசு என்ன இருக்க முடியும்?