அடுப்பங்கரையும் சொப்புச் சோறும்: கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து

1939இல் இந்தியாவுக்கு வந்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, போர்க்காலத்தில் ஊர் திரும்ப இயலாமல் 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் வாழ்ந்தார். அந்த மலைக்குக் கீழேதான் கம்பம் பள்ளத்தாக்கை ஒட்டிய பெரியகுளம் இருக்கிறது. சிறு பிள்ளைகளுக்குப் பாவனையைவிட உண்மையான வேலையே உகந்தது என்பது அவர் கொள்கை. 1933இல் லெனின்கிராடில் சொற்பொழிவாற்றிய சோவியத் உளவியலாளர் வைகாட்ஸ்கி வேறு முனையிலிருந்து பேசினார்: குச்சியைக் குதிரையாக்கும்போதுதான் குழந்தை பொருளையும் அதன் அர்த்தத்தையும் பிரித்துப் பார்க்கப் பழகுகிறது என்றார். இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தாக வேண்டுமென்ற நிர்ப்பந்தம் பெற்றோருக்கு இல்லை என்பது என் வாதம்.

தை மாதத்தில் கம்பம் பள்ளத்தாக்கு வீடுகளில் மாலை நேரத்தில் மொச்சைக்காய் உரிப்பார்கள். பக்கத்தில் உட்காரும் நாலு வயதுப் பிள்ளை முதலில் தானும் காயைப் பிதுக்கிப் பருப்பைச் சட்டியில் போடும். சற்று நேரத்தில் வெறும் தோலை ஒரு கொட்டாங்குச்சியில் அள்ளி, மூன்று கல்லைக் கூட்டி அதன்மேல் ஏற்றிவிடும். இப்போது அது குழம்பு. "அம்மாச்சி, உப்புப் பாரு" என்று நீட்டும். அம்மாச்சி உறிஞ்சுவதுபோல் வாயைக் குவித்து, "புளி பத்தல, இன்னும் கொஞ்சம் கரைச்சு ஊத்து" என்பார். பிள்ளை திரும்பிப் போய் வெறுங்கையில் புளி கரைக்கும். தோலை அது ஒருபோதும் கடித்துத் தின்பதில்லை. எது மெய், எது பாவனை என்பது அதற்கு நன்றாகத் தெரியும். மாண்டிசோரியின் வேலையும் வைகாட்ஸ்கியின் கற்பனையும் ஒரே முறத்தைச் சுற்றி நடக்கின்றன. அம்மாச்சியின் பங்கு ஒற்றை வாக்கியந்தான். ஆனால் ஆட்டம் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது அதனால்தான்.

கூட்டாஞ்சோறும் இப்படித்தான். ஆளுக்குப் பிடி அரிசி கொண்டுவந்து பிள்ளைகள் நிசமாகவே பொங்குவார்கள். செங்கல்லை இடித்து மிளகாய்த்தூள் ஆக்கும் மண்சோறு விளையாட்டும் அதே கூட்டத்துடையது.

பாவனை விளையாட்டு அறிவை வளர்க்கும் என்று அடித்துச் சொல்பவர்களிடம் எச்சரிக்கை தேவை. உளவியலாளர் ஆஞ்சலின் லில்லார்டும் சகாக்களும் 2013இல் வெளியிட்ட விரிவான மதிப்பீடு, அதற்கு உறுதியான சான்று குறைவு என்றது. முன்பள்ளிப் பிள்ளைகள் பலரும் பாவனைச் செயலைவிட நிசச் செயலையே விரும்புவதை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. எனவே மூளை வளரும் என்று விற்கப்படும் பிளாஸ்டிக் அடுப்பு செட்டுக்காகக் கடன்பட வேண்டியதில்லை. நிசப் பொருளும் பெரியவர் துணையும் இருக்குமிடத்தில் ஒரு மூலையை ஒதுக்கித் தந்தால் போதும்.

இதை வலியுறுத்தக் காரணம் இங்குள்ள உழைப்பு. விடியுமுன் ஜீப்பேறி, குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்களிடம் 'தினமும் ஒரு மணி நேரம் குழந்தையோடு விளையாடுங்கள்' என்று அறிவுரை கூறுவது கொடுமை. அவர்களுக்கு வாய்ப்பது உலை வைக்கும் நேரம் மட்டுமே. அடுப்பையும் அரிவாள்மனையையும் எட்டாத தூரத்தில் வைத்துக்கொண்டால், அந்த நேரத்திலேயே வேலை, விளையாட்டு இரண்டும் நடக்கும்.

ஆனால் அந்த மூலை பெண்பிள்ளைக்கு மட்டுமே கிடைக்கிறது. 'ஆம்பளப் பயலுக்கு அடுப்பங்கரையில என்ன வேலை' என்று விரட்டப்படும் சிறுவனுக்கும் கொட்டாங்குச்சி வேண்டும். இந்த வட்டாரத்துப் பரோட்டாக் கடைகளிலும் கல்யாணப் பந்திக்குச் சமைக்கும் இடங்களிலும் கரண்டி பிடிப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தானே.