பிரான்சின் ஒயின் வட்டார ரவுண்டானாக்கள்

பிரான்சில் ஒயின் திராட்சை பயிரிடும் ஊர்களின் நுழைவாயிலில் உள்ள ரவுண்டானாக்களை வட்டாரத் தொழிலின் அடையாளங்களால் அலங்கரிக்கும் வழக்கம் உண்டு. ரவுண்டானாவின் நடுத்திட்டில் திராட்சைக் கொடி, பழைய பிழிபொறி, மரப்பீப்பாய், உள்ளூர்க் கல், பூச்செடிகள் ஆகியவற்றைக் காணலாம். நாடு முழுவதும் 30,000க்கும் மேற்பட்ட ரவுண்டானாக்கள் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது.

வரலாறு

வண்டிகள் ஒரே திசையில் வட்டமாகச் சுற்றிச் செல்லும் முறையைக் கட்டடக் கலைஞர் எழேன் எனார் முன்வைத்தார். 1907இல் பாரிசின் எத்துவால் சதுக்கத்தில் அது நடைமுறைக்கு வந்தது. வலப்புறமிருந்து வருபவருக்கே முன்னுரிமை என்பது அன்றைய விதி. அதனால் புதிதாக நுழையும் வண்டிகளுக்கு வழிவிட்டு, சுற்றிக்கொண்டிருந்த வண்டிகள் நின்றுபோகும், வட்டமே அடைத்துக்கொள்ளும். 1983இன் அரசாணை இதை மாற்றியது. 1984 முதல், புதிய வகை ரவுண்டானாக்களில் உள்ளே சுற்றுபவருக்கு முன்னுரிமை கிடைத்தது. நெரிசலும் கடும் விபத்துகளும் குறைந்ததால், கிராமப்புறச் சாலைகளிலும் இவை பெருகின. 1982இன் அதிகாரப் பரவலாக்கச் சட்டமும் இவற்றை அமைப்பதில் உள்ளாட்சிகளின் கையை வலுப்படுத்தியது.

ஊரை அழகுபடுத்தும் ஆர்வம் இந்த ரவுண்டானாக்களின் பெருக்கத்துக்கும் முந்தையது. பூஞ்செடிகளால் பொலியும் ஊர்களுக்கு ஒன்று முதல் நான்கு பூக்கள் வரை தகுதிக் குறி வழங்கும் தேசியத் திட்டம் 1959இல் தொடங்கியது. புர்கோனில் 1937இலும் அல்சாசில் 1953இலும் உருவான ஒயின் சுற்றுலாப் பாதைகள் வெளியூர்ப் பயணிகளைத் திராட்சை பயிரிடும் ஊர்களுக்கு அழைத்து வந்தன.

அமைப்பு

நடுத்திட்டு பெரும்பாலும் மெல்லச் சரியும் மேடாக இருக்கும். எதிர்ப்புறச் சாலையை அந்த மேடு மறைப்பதால், முன்னே வட்டம் இருப்பதைத் தொலைவிலேயே உணர்ந்து ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கிறார். திட்டின் விளிம்பில் செடிகள் தாழ்ந்திருக்க வேண்டும். இல்லையெனில் இடப்பக்கமிருந்து சுற்றி வரும் வண்டி கண்ணில் படாது. அறுவடைக் காலத்துத் திராட்சை டிரெய்லர்களும், கொடி வரிசைக்கு மேலாகக் கால் பரப்பிச் செல்லும் உயரமான டிராக்டர்களும் திரும்புவதற்குப் போதிய அகலமும் தேவை.

கல் பிழிபொறி, பாறை, கனத்த சிற்பம் ஆகியவை ஆபத்தானவை. இரவில் கட்டுப்பாடிழந்து திட்டின்மீது ஏறும் வண்டி அவற்றில் மோதினால் உயிரிழப்பு நேரலாம்.

செடிகளும் பராமரிப்பும்

திராட்சைக் கொடியை வட்டார வழக்கப்படி கவாத்து செய்தால்தான் திட்டு அந்த ஊருக்கு உரியதாகத் தெரியும். தெற்கே லாங்தோக்கில் கிண்ணம் போல விரியும் குட்டைப் புதர் மரபு. போர்தோவில் கம்பியில் படரவிடும் வரிசை மரபு. தென்பகுதித் திட்டுகளில் லாவெண்டர், ரோஸ்மேரி, ஒலிவம் போன்ற வறட்சி தாங்கும் செடிகள் நன்கு நிலைக்கின்றன.

2017 முதல் பொதுப் பசுந்திடல்களில் இரசாயனப் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லிகளை உள்ளாட்சிகள் பயன்படுத்துவதற்குச் சட்டம் தடை விதித்துள்ளது. இத்தகைய சூழலில் சரளைப் பரப்பு, மரத்தூள் மூடாக்கு, நிலம் மூடிப் படரும் செடிகள் ஆகியவை களையை அடக்க உதவுகின்றன. அலங்காரக் கொடியையும் கவனிப்பாரின்றி விடக்கூடாது. தத்துப்பூச்சி வழியே பரவும் பொன்மஞ்சள் நோய் அதிலிருந்து அண்டைத் தோட்டங்களுக்குத் தொற்றக்கூடும்.

பொதுவாழ்வில்

சில திட்டுகளின் செலவும் அழகும் வரி செலுத்துவோரிடையே கடும் விவாதத்துக்குள்ளாகின்றன. 2018 நவம்பரில், எரிபொருள் வரி உயர்வை எதிர்த்த மஞ்சள் மேலங்கிப் போராட்டக்காரர்கள் நாடெங்கும் ரவுண்டானாக்களில் கூடி அவற்றை அரசியல் களமாகவும் ஆக்கினர்.

ஷாம்பாஞ்சின் குன்றுச்சரிவுகளும் புர்கோனின் தோட்டப் பாத்திகளும் 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. அத்தகைய நிலத்தோற்றத்தின் நடுவே, தன் மண்ணுக்குரிய கல்லையும் கொடியையும் அளவோடு காட்டி, பார்வையை மறைக்காமல், குறைந்த நீரில் வாழும் திட்டே சிறந்த ரவுண்டானா.