சமய நம்பிக்கையின் பருவமாற்றம்

சிறுவயதில் வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் ஒருவருக்கு வந்துசேரும் கடவுள் நம்பிக்கை அவர் வளர வளர அடையும் மாற்றங்களைச் சமய நம்பிக்கையின் பருவமாற்றம் என்கிறோம். மதம் மாறுவது இதில் ஒரு சிறு பகுதிதான். பெரும்பாலோருக்கு மதத்தின் பெயர் அப்படியே நின்றுவிடுகிறது. கடவுள் எப்படிப்பட்டவர், எதற்காகக் கும்பிடுகிறோம், எதற்குப் பயப்படுகிறோம் என்பவை உள்ளுக்குள் மாறுகின்றன. பெங்களூரின் காக்ஸ் டவுனையும் அதைச் சூழ்ந்த பழைய கன்டோன்மென்ட் பகுதிகளையும் முன்வைத்து இம்மாற்றத்தை இக்கட்டுரை விளக்குகிறது. பல சமயத்தார் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வாழும் இடம் அது. அங்குள்ள தமிழர்கள் பல தலைமுறைகளாகத் தமிழ்நாட்டுக்கு வெளியே வாழ்பவர்கள்.

இடம்

1809இல் பெங்களூரு கன்டோன்மென்ட் அமைந்தபோது மதராஸ் படைப்பிரிவுகளோடு சிப்பாய்களாகவும் ஒப்பந்தக்காரர்களாகவும் வேலையாட்களாகவும் தமிழர் வந்து குடியேறினர். 1898இல் பிளேக் நோய் பரவியபின், நெரிசலைக் குறைக்கப் புதிய குடியிருப்புகள் எழுந்தன. ஆங்கிலேய அதிகாரி அலெக்சாண்டர் ராங்கன் காக்ஸின் பெயரால் வழங்கும் காக்ஸ் டவுனுக்கு அலுவல் பெயர் சர்வக்ஞ நகர். சாதியையும் வெற்றுச் சடங்கையும் மூன்றடிப் பாக்களில் கேள்வி கேட்ட கன்னடக் கவி சர்வக்ஞர். 2009 ஆகஸ்டில் அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலையும், சில நாட்களில் சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டன. சமயம் கடந்து படிக்கப்படும் இருவரின் பெயர்கள் இப்பகுதியில் அருகருகே அமைந்தது மகிழ்ச்சிக்குரியது.

இங்கே வளரும் பிள்ளைக்குச் சில கிலோமீட்டர் வட்டத்துக்குள் அல்சூர் சோமேசுவரர் கோயில், பிரான்சிஸ் சவேரியார் பேராலயம், சிவாஜிநகர் மரியன்னை பேராலயம், பிரேசர் டவுன் மாஸ்க் ரோட்டுப் பள்ளிவாசல், ஏரியோரத்துக் குருத்வாரா எல்லாம் உண்டு. செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் எழுப்பிய கூரைக் கோயிலிலிருந்து வளர்ந்தது மரியன்னை பேராலயம். இப்போதுள்ள கட்டடம் 1882இல் அர்ச்சிக்கப்பட்டது; 1973இல் பசிலிக்கா என்ற தகுதி கிடைத்தது. அங்குள்ள மாதாவுக்குச் சேலை சாத்தி வேண்டிக்கொள்ளும் இந்துத் தாய்மார் ஏராளம். தன் வீட்டுச் சாமி இது, அடுத்த வீட்டுச் சாமி அது என்ற வேறுபாட்டை இங்கத்திய குழந்தை மிகச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறது. இரண்டையும் கும்பிடலாம் என்பதையும் கூடவே கற்றுக்கொள்கிறது.

சிறுபருவம்

குழந்தை தன் மதத்தை எப்படிப் புரிந்துகொள்கிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1960களின் தொடக்கத்தில் எளிய கேள்விகளால் ஆராய்ந்தார். யூத, கத்தோலிக்க, புராட்டஸ்டண்டு வீட்டுப் பிள்ளைகளிடம் அவர் கேட்ட ஒரு கேள்வி: நாயோ பூனையோ உன் மதத்தைச் சேர்ந்ததாக இருக்க முடியுமா? ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்கு மதம் என்பது ஒரு பெயர் மட்டுமே. ஊர்ப் பெயரையும் நிறத்தையும் போல அதையும் சொன்னார்கள். ஏழெட்டு வயதில் மதம் செயலானது: கோயிலுக்குப் போகிறவன், இன்ன உணவைத் தின்னாதவன் என்று விளக்கினார்கள். பத்துப் பன்னிரண்டு வயதுக்குப் பிறகே, உள்ளே எதை நம்புகிறோம் என்பதைக் கொண்டு மதத்தைச் சொல்லத் தொடங்கினார்கள். காக்ஸ் டவுன் பிள்ளைகள் அதற்கும் முன்பே கிறிஸ்துமஸ் கேக்கையும் ரம்ஜான் பிரியாணியையும் தீபாவளிப் பலகாரத்தையும் தட்டில் மூடிக்கொண்டு வீடுவீடாகக் கொடுத்து வருகிறார்கள்; அவர்களிடம் எல்கைண்டின் கேள்வி சற்றே வேறு பதில்களைப் பெறக்கூடும்.

ஆங்கிலக் கல்வியாளர் ரொனால்டு கோல்ட்மன் 1964இல் வெளியிட்ட நூலும் இதே திசையைச் சேர்ந்தது. மோசே கண்ட எரியும் முட்செடிக் கதையைச் சிறு பிள்ளைகள் நெருப்பும் செடியுமாகவே எடுத்துக்கொள்கிறார்கள், அதற்குள் வேறு பொருள் தேடும் திறன் பதின்மூன்று வயதையொட்டியே வருகிறது என்றார் அவர். கதையைக் கதையாகக் கேட்டு மெய்சிலிர்க்கும் வயது தாழ்ந்தது என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு. பிள்ளையார் பால் குடிப்பார் என்று நம்பிய வயதில் கிடைத்த பரவசமே, பின்னாளில் பொருள் தேட ஒருவரைத் தூண்டுகிறது.

பெரியவர்கள் சொல்வதைவிட அவர்கள் சிரமப்பட்டுச் செய்வதையே குழந்தை நம்புகிறது என்று மானிடவியலாளர் ஜோசப் ஹென்ரிக் 2009இல் வாதிட்டார். ஆடி மாதம் தாய் வேப்பிலை கட்டிப் பூமிதிக்கிறாள். தாத்தா நோன்பு நாளில் எச்சிலைக்கூட விழுங்காமல் இருக்கிறார். அப்பா வேலைக்குப் போகும் முன் வியாழக்கிழமைதோறும் விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலுக்குப் போய் வருகிறார். பிள்ளை இவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பிள்ளையை ஞாயிறு பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தாம் வீட்டில் படுத்திருக்கும் பெற்றோரையும் அது பார்த்துக்கொண்டிருக்கிறது.

பதின்பருவம்

நம்பிக்கையைச் சமூகம் ஒருவரிடம் முறையாக ஒப்படைக்கும் பருவம் இது. கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்வி முடித்துப் புதுநன்மை வாங்கிச் சில ஆண்டுகளில் உறுதிபூசுதல் பெறுகிறார்கள். தென்னிந்தியத் திருச்சபையில் அதைத் திடப்படுத்தல் என்பார்கள்: குழந்தையாக இருந்தபோது பெற்றோர் கொடுத்த வாக்கை வளர்ந்த பிள்ளை தன் வாயால் ஏற்கிறது. பருவமடைந்த முஸ்லிம் பிள்ளைக்குத் தொழுகையும் நோன்பும் கடமையாகின்றன. பெரும்பாலான இந்து வீடுகளில் இப்படி ஒரு நாள் இல்லை. குலதெய்வக் கோயிலில் முடி இறக்கிக் காது குத்தியதெல்லாம் பிள்ளைக்கு நினைவு வரும் முன்பே முடிந்துவிடுகிறது. ஆகவே நம்புகிறாயா என்ற கேள்வியை அவ்வீட்டுப் பிள்ளையிடம் யாரும் கேட்பதில்லை. கேள்வி வந்தால் அதுவாகவே, தனியாக இருக்கும்போது வருகிறது. அந்தத் தனிமையைப் பெற்றோர் கவனிப்பது மிக அவசியம்.

உளவியலாளர் எட்வின் ஸ்டார்பக் 1899இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கப் புராட்டஸ்டண்டுகளிடையே திடீர் மனந்திரும்புதல் பதினாறு வயதையொட்டி மிகுதியாக நிகழ்வதைக் காட்டினார். கன்டோன்மென்ட் தமிழரிடையே இதற்கு நெருக்கமானது பெந்தெகொஸ்தே சபைகளுக்குச் செல்லும் இளைஞரின் அனுபவம். குழந்தைப் பருவத்தில் தலையில் தெளித்த நீரை அவர்கள் ஞானஸ்நானமாகக் கொள்வதில்லை. இரட்சிக்கப்பட்டேன் என்று சாட்சி சொல்லி, முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கிறார்கள். அரசுக் கணக்கில் முன்பும் கிறிஸ்தவர், பின்பும் கிறிஸ்தவர். ஆனால் குடும்பத்துக்குள் அது பெரும் பிளவு: பாட்டியின் ஜெபமாலையும் மாதா படமும் அந்த இளைஞருக்கு அன்று முதல் விக்கிரகம்.

பெயரும் உள்ளடக்கமும்

பியூ ஆய்வு மையம் 2019 நவம்பர் முதல் 2020 மார்ச் வரை இந்தியாவில் ஏறத்தாழ 30,000 பெரியவர்களிடம் 17 மொழிகளில் நேர்காணல் நடத்தியது. சிறுவயதில் வளர்க்கப்பட்ட மதமும் இப்போதைய மதமும் ஒன்றே என்றவர்கள் 98 விழுக்காடு. இந்துவாக வளர்ந்து வேறு அடையாளம் ஏற்றவர்கள் 0.7 விழுக்காடு, வேறாக வளர்ந்து இந்து எனத் தம்மைச் சொல்பவர்கள் 0.8 விழுக்காடு. மாற்றமே நடப்பதில்லை என்று இதைப் படிப்பவர்கள் அவசரப்படுகிறார்கள். இந்த எண்கள் அளப்பது பெயரை. பிள்ளை வரம் கேட்டு நின்றவள், அந்தப் பிள்ளையைப் பறிகொடுத்தபின் அதே சன்னிதியில் நிற்கும்போது கணக்கெடுப்பில் அவள் பதில் மாறாது. அவள் நம்பிக்கை வேறாகிவிட்டது.

பெயர் மாறாமல் உள்ளடக்கம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குத் தமிழில் தலையாய சான்று வள்ளலார் என்னும் இராமலிங்க அடிகள் (1823–1874). சிறுவனாகச் சென்னைக் கந்தகோட்டத்து முருகனைப் பாடினார். இளமையில் திருவொற்றியூர்ச் சிவனிடமும், பிறகு தில்லை நடராசரிடமும் உருகினார். 1867இல் வடலூரில் அவர் தொடங்கிய தருமச்சாலையில் பசியாற்றுதலே வழிபாடானது. 1872இல் எழுந்த சத்திய ஞான சபையில் உருவச் சிலைக்கு இடமில்லை, சோதியே வழிபடப்பட்டது. தமக்குச் சைவத்தில் முன்பு எவ்வளவோ பற்று இருந்தது, இப்போது அது நீங்கிற்று என்று 1873இல் நிகழ்த்திய பேருபதேசத்தில் வெளிப்படையாகச் சொன்னார். இந்த வழியில் அவர் எந்தப் படியையும் வெறுத்துத் தள்ளவில்லை. கந்தகோட்டத்துச் சிறுவனின் உருக்கம்தான் வடலூர்த் தருமச்சாலை அடுப்பில் எரிகிறது. மனித நம்பிக்கையின் ஆறு படிநிலைகளை இறையியலாளர் ஜேம்ஸ் ஃபௌலர் தம் நூலில் வகுத்தது 1981இல். அதைப் படிக்கும் தமிழர் வள்ளலாரை அருகில் வைத்துப் படிக்க வேண்டும்.

எதிர்த்திசைப் பயணங்களும் உண்டு. வைணவப் பக்தியுள்ள குடும்பத்தில் பிறந்த பெரியார் கடவுள் மறுப்புக்கு வந்தார். பகுத்தறிவு மேடைகளில் நின்ற கண்ணதாசன் பிற்காலத்தில் அர்த்தமுள்ள இந்துமதம் எழுதினார். அயோத்திதாசர் 1898இல் கொழும்பு சென்று பஞ்சசீலம் ஏற்றார். அவர் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்குப் பெங்களூரிலும் கோலார் தங்கவயலிலும் கிளைகள் இருந்தன. அந்தப் பௌத்த வீடுகளில் பிறந்த பிள்ளைகளுக்கு, பெற்றோர் தேடிக் கண்டடைந்த சமயமே பிறவிச் சமயமானது.

சட்டம்

பெரியவரின் நம்பிக்கை மாறினாலும் பெயர் மாறாமல் இருப்பதற்குக் குடும்பப் பாசம் ஒரு காரணம், சட்டம் மற்றொன்று. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவராகும் தலித் ஒருவர் அத்தகுதியை இழக்கிறார். இதனால் சான்றிதழில் ஒரு மதமும் ஞாயிறு காலையில் ஒரு மதமுமாக வாழ நேரும் குடும்பங்களின் வேதனை உண்மையானது. அவர்களை ஏமாற்றுக்காரர் என்பது அநியாயம்.

காக்ஸ் டவுன் தமிழருக்கு உறவும் போக்குவரத்துமாக நெருக்கமான கோலார் தங்கவயலில் இது நீதிமன்றம் வரை போனது. ஆதிதிராவிடராகப் பிறந்து 1949இல் கிறிஸ்தவரான எஸ். இராஜகோபால் 1967இல் அங்குள்ள, பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதியில் வென்றார். தோற்ற சி. எம். ஆறுமுகம் வழக்குத் தொடுத்தார். இராஜகோபால் இந்துவாகத் திரும்பியதை ஏற்ற உச்ச நீதிமன்றம், சாதிக்குள் திரும்பியது நிறுவப்படவில்லை என்று 1968இல் தீர்ப்பளித்தது. 1972இல் அவர் மீண்டும் வென்றார். மீண்டும் வழக்கு. சாதியார் ஏற்றுக்கொண்டால் திரும்பியவர் பழைய சாதியினராகலாம் என்று 1975இல் அதே நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகச் சொன்னது. 2024 நவம்பரிலோ, குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றுத் தேவாலயத்துக்குப் போய்வந்த புதுச்சேரிப் பெண் ஒருவர் பட்டியல் சாதிச் சான்றிதழ் கோரியபோது உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

கர்நாடகத்தில் 2022இல் நிறைவேறிய சமய சுதந்திரச் சட்டம், மதம் மாற விரும்புபவர் 30 நாட்களுக்கு முன் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்றது. அதை நீக்க 2023 ஜூனில் மாநில அமைச்சரவை முடிவு செய்தது. சிறுவர்களைப் பொறுத்தவரை, அரசு உதவி பெறும் பள்ளியில் சமயப் போதனைக்குப் பெற்றோர் அல்லது காப்பாளரின் இசைவு வேண்டும் என்கிறது அரசமைப்பின் 28ஆம் உறுப்பு. அந்த இசைவைத் தரவோ மறுக்கவோ பிள்ளைக்கு வழியில்லை.

மொழி

ஆய்வுகள் அதிகம் தொடாத ஒன்று, நம்பிக்கையின் மொழி மாறுவது. காக்ஸ் டவுன் தமிழ் வீடுகளில் முதல் ஜெபமும் முதல் தேவாரமும் பாட்டியின் வாயிலிருந்து தமிழில் வருகின்றன. பள்ளி ஆங்கிலத்தில், தெரு கன்னடத்திலும் உருதுவிலும். தமிழ் எழுத்து தெரியாமல் வளரும் பிள்ளைக்கு அந்த முதல் சொற்கள் காதில் மட்டும் தங்குகின்றன. நாற்பது வயதில் கடவுளைப் பற்றி ஆங்கிலத்தில் வாதிடும் அதே மனிதர், மருத்துவமனை வராந்தாவில் காத்திருக்கும்போது முணுமுணுப்பது தமிழில்தான். அவருடைய பிள்ளைக்கு அந்தச் சொற்களும் எட்டுவதில்லை. செப்டம்பர் 8ஆம் தேதி மாதா பிறந்தநாள் திருவிழாவுக்குச் சிவாஜிநகர் போகும் குடும்பங்களில், பிள்ளைக்குப் புரிய வேண்டும் என்பதற்காகத் தாயும் தந்தையும் ஆங்கிலப் பூசையில் நிற்கிறார்கள். பாட்டி தமிழ்ப் பூசைக்கு முன்பே தனியாகப் போய்விட்டிருக்கிறாள்.