உயர்கல்விச் செலவும் மொழித்துறைகளும்

உயர்கல்விக்கு யார் பணம் தருவது என்னும் வினா இந்தியாவில் தொடக்கத்திலேயே மொழி வினாவோடு பிணைந்தது. 1813ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம், பிற செலவுகள் போக எஞ்சும் வருவாயில் ஆண்டுதோறும் ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் கல்விக்கு ஒதுக்க வழிசெய்தது. சமஸ்கிருதம், அரபு பயில்வோர் உதவித்தொகை பெற, ஆங்கிலம் பயில்வோர் கட்டணம் செலுத்த முன்வருவதை 1835இல் மெக்காலே சான்றாகக் காட்டினார். அவ்வாண்டே புதிய மாணவர்களுக்கான உதவித்தொகை நிறுத்தப்பட்டது. ஆயினும், கட்டணம் செலுத்தும் விருப்பம் வேலைவாய்ப்பைக் காட்டுமேயன்றி மொழியின் அறிவுப் பயனைக் காட்டாது.

1991ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி நெருக்கடிக்குப் பின் கட்டணவாதம் மீண்டும் வலுப்பெற்றது. மத்தியப் பல்கலைக்கழகங்கள் தம் தொடர்செலவில் 15 விழுக்காட்டை ஐந்தாண்டுகளிலும், 25 விழுக்காட்டைப் பத்தாண்டுகளிலும் தாமே ஈட்ட வேண்டும் எனப் புன்னய்யா குழு 1993இல் பரிந்துரைத்தது. நிதியமைச்சகத்தின் 1997ஆம் ஆண்டு மானிய அறிக்கை, தொடக்கக் கல்வியை மட்டும் முன்னுரிமைக்குரியதாகக் கொண்டு, உயர்கல்வியை அவ்வகைக்குப் புறம்பாக வைத்தது.

வசதியுடையோரிடம் கட்டணம் பெறுவது முறையே. ஆனால் ஒரு பழங்குடி மொழிக்கு எழுதப்படும் இலக்கணத்தின் பயன் அதனை எழுதும் மாணவரோடு முடிவதில்லை. பயன் பொதுவாகும்போது செலவும் பொதுவாதலே பொருந்தும்.