இரண்டாவது ஆள்: சமூக ஊடக நட்பும் கூட்டுவேலையும்

சமூக ஊடகத்தில் உண்மையான உறவு அமையுமா என்ற கேள்விக்குத் தமிழில் பதில் சொல்ல வருபவர்கள் பெரும்பாலும் பிசிராந்தையாரிடம் போய் நிற்கிறார்கள். பாண்டிய நாட்டுப் பிசிரில் வாழ்ந்த புலவரும் உறையூர் மன்னன் கோப்பெருஞ்சோழனும் நேரில் பார்த்துக்கொள்ளாமலே நண்பர்களாக இருந்தார்கள். ஆகவே முகம் பார்க்காத முகநூல் நட்பும் நட்பே என்று வாதம் அத்தோடு முடிந்துவிடும். கருத்தரங்குகளில் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். இதில் பாதி உண்மை இருக்கிறது. விட்டுப்போன மறுபாதியைப் பற்றியதே இக்கட்டுரை.

புறநானூற்றில் இந்த நட்பைச் சொல்லும் பாடல்களைச் சேர்த்துப் படித்தால் கதை வேறு திசையில் நகர்வது தெரியும். தன் மகன்களோடு மூண்ட பகையால் மனம் வெறுத்த சோழன், உண்ணாமல் உயிர்விட வடக்கிருக்கத் துணிகிறான். தன் பக்கத்தில் நண்பனுக்கு ஓர் இடம் ஒதுக்கி வைக்கச் சொல்கிறான். கேள்வி அறிவைத் தவிர வேறு பழக்கம் இல்லாதவர் எப்படி வருவார் என்று சுற்றியிருந்தவர்களுக்கு ஐயம். தன் பெயரைச் சொல்ல நேரும்போதும் என் பெயரையே சொல்லிக்கொள்பவர் அவர், வராமல் இருக்க மாட்டார் என்று மன்னன் உறுதியாகச் சொல்கிறான். பிசிராந்தையார் வந்தார். வந்து, ஒதுக்கிய இடத்தில் அமர்ந்தார். அந்த வருகையைக் கண்டு வியந்து பாடியவர் பொத்தியார்.

785ஆம் குறளுக்கு உரை எழுதும் பரிமேலழகர் இந்த இருவரையே சான்று காட்டுகிறார். பார்த்துப் பழகுவது நட்புக்குத் தேவையில்லை, உணர்வு ஒத்திருந்தால் போதும் என்பது குறளின் கருத்து. ஆனால் அந்த உணர்வொப்புமை எதைத் தரும் என்று விளக்கும்போது, ஒருவரோடு ஒருவர் உயிர்விடும் உரிமை வரை உரையாசிரியர் போய்விடுகிறார். பழக்கத்தை விலக்கிய அதே உரை செலவை விலக்கவில்லை. மேடைகளில் விட்டுப்போகும் பாதி இதுதான். காணாமல் நட்பு வளரும். ஆனால் ஒன்றும் கொடுக்காமல் வளராது.

ஆகவே என் வாதம் இது. ஓர் உறவு உண்மையானதா என்பதை முகம் பார்த்தோமா, சொந்தப் பெயரில் பேசினோமா, எத்தனை நாள் பழகினோம் என்பவற்றால் அளக்க முடியாது. ஒருவர் மற்றவருக்காக எதைச் செலவிட்டார், அந்தச் செலவு மற்றவருக்கு உண்மையில் உதவியதா என்பதே அளவுகோல். இணையத்தில் இத்தகைய செலவு நாள்தோறும் இயல்பாக நிகழும் இடம் கூட்டுவேலை. தன்னைக் காட்டிக்கொள்வதற்காக அமைந்த இடங்களில் உறவு தற்செயலாகத்தான் விளைகிறது. ஒரு வேலையைச் சேர்ந்து செய்யும் இடங்களில் அது வேலையின் பகுதியாகவே விளைகிறது.

முதலில் முகநூலைப் பார்ப்போம். 2004இல் தொடங்கிய அந்தத் தளம் நட்பு என்ற சொல்லை ஒரு பொத்தானுக்குப் பெயராக வைத்தது. ஒருவருக்கு 5000 நண்பர்கள் வரை வைத்துக்கொள்ள இடம் தந்தது. 2009இல் லைக் பொத்தான் வந்தது. அதற்கு முன் ஒருவர் எழுதியதைப் படித்தோம் என்று தெரிவிக்க ஒரு வரியாவது எழுத வேண்டியிருந்தது. அந்த வரி எவ்வளவு தேய்ந்ததாக இருந்தாலும் அதை எழுத ஓர் ஆள் அரை நிமிடம் நின்றிருக்கிறார். பொத்தான் அந்த அரை நிமிடத்தையும் எடுத்துக்கொண்டது.

ராபின் டன்பார் பிரிட்டனில் எடுத்த தரவுகளைக் கொண்டு 2016இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்தும். முகநூல் நண்பர் பட்டியல் சராசரியாக 150ஐத் தாண்டியிருந்தது. நெருக்கடியில் கைகொடுப்பார்கள் என்று மக்கள் நம்பியவர்களோ ஏறத்தாழ 4 பேர். பட்டியல் நீண்டாலும் அந்த நாலு பேர் பெருகவில்லை. நம் ஊரில் 'நாலு பேர் வேண்டும்' என்று சொல்லும்போது சாவு வீட்டில் தோள் கொடுக்கும் நால்வரைத்தான் நினைக்கிறோம். அளவு அங்கேயும் அதுதான்.

இதற்கும் முன்பே, 1956இல், டொனால்ட் ஹார்ட்டனும் ரிச்சர்ட் வோலும் தொலைக்காட்சியில் தோன்றுபவர்மீது பார்வையாளர் கொள்ளும் ஒருதலை நெருக்கத்தை விவரித்தார்கள். பார்ப்பவருக்கு அவர் நெருங்கியவர். அவருக்கோ பார்ப்பவர் இருப்பதே தெரியாது. சமூக ஊடகம் இந்த ஒருதலை நெருக்கத்தைச் சாதாரண மனிதர்களுக்கு இடையிலும் கொண்டுவந்துவிட்டது. பள்ளித் தோழியின் வீட்டுக் கிரகப்பிரவேசம், மகன் வாங்கிய பரிசு, மாமியாரின் அறுவைச் சிகிச்சை எல்லாம் நமக்குத் தெரியும். அவரோடு பேசி ஆறு ஆண்டு ஆகியிருக்கும்.

இதை வைத்து எளிய பரிமாற்றம் எல்லாம் வீண் என்று நான் சொல்லவில்லை. மார்க் கிரானோவெட்டர் 1973இல் காட்டியபடி, வேலைவாய்ப்பு போன்ற செய்திகள் நெருங்கியவர்களைவிட ஓரளவே தெரிந்தவர்கள் வழியாகத்தான் அதிகம் வந்து சேர்கின்றன. மெல்லிய இழைகளுக்கும் பயன் உண்டு. சென்னையை ஒட்டிய ஐந்து கிராமங்கள் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களோடு கலந்து மாறிய பகுதியில் தங்கி ஆராய்ந்த ஸ்ரீராம் வெங்கட்ராமன், அந்தப் பகுதிக்குப் 'பஞ்சகிராமி' என்று புனைபெயர் இட்டு 2017இல் ஒரு நூல் வெளியிட்டார். காலை வணக்கப் படங்களும் சாமி படங்களும் அங்கே உறவைப் பேணும் விதத்தை அவர் பொறுமையாகப் பதிவு செய்திருக்கிறார். உறவினர் அல்லாதவரையும் அண்ணா என்றும் மச்சான் என்றும் அழைப்பது நம் பழைய வழக்கம். முகநூலுக்கும் அது கூடவே வந்தது. அப்படி அழைக்கும்போது ஓர் உரிமை கோரப்படுகிறது. அந்த உரிமைக்குரிய கடமையை யார் எப்போது செய்கிறார்கள் என்பதே மீதமுள்ள கேள்வி.

அந்தக் கடமை கண்முன் நிகழ்ந்த ஒரு தருணம் 2015 டிசம்பர் சென்னை வெள்ளம். ஒன்றாம் தேதி தொடங்கிய மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவானது. அடையாறு கரைகடந்தது. உதவி கேட்கும் செய்திகள் ட்விட்டரிலும் முகநூலிலும் வாட்ஸாப்பிலும் வெள்ளத்தைவிட வேகமாகப் பரவின: இன்ன தெரு, இரண்டாம் மாடி, கைக்குழந்தை, பால் இல்லை, இந்த எண்ணுக்குப் பேசவும். பகிர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். காப்பாற்றப்பட்டவர்கள் முன்பு அனுப்பிய செய்தியும் மறுநாள் வரை சுற்றிக்கொண்டே இருந்தது. காலியான வீட்டைத் தேடிப் படகு போனால், காத்திருப்பவரின் நேரம் பறிபோகும். இதைப் புரிந்துகொண்ட சிலர் வேறொரு வேலையை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வோர் எண்ணையும் அழைத்துப் பேசினார்கள். 'மீட்டாயிற்று, இனிப் பகிர வேண்டாம்' என்று பொது விரிதாளில் குறித்தார்கள். எடுக்காத எண்ணை மீண்டும் அழைத்தார்கள். பகிர்தலுக்கு ஒரு விரல் போதும். இந்த வேலைக்கு இரவு முழுக்க விழிக்க வேண்டும். அப்படி ஒரே விரிதாளில் விழித்திருந்தவர்களுக்குள் ஏற்பட்ட பிணைப்பும், ஒரே செய்தியைப் பகிர்ந்த ஆயிரம் பேருக்குள் ஏற்படாத பிணைப்பும், இரண்டு வகைச் செலவின் விளைவுகள்.

பேரிடர் அரிதாக வருவது. அன்றாடத்தில் இது எப்படி நிகழும்? தமிழுக்கு இதில் நீண்ட அனுபவம் இருக்கிறது. 1887இல் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த பிறகு, பாரிசிலிருந்து சூலியன் வின்சோன் அவருக்குத் தமிழிலேயே கடிதம் எழுதினார். அங்குள்ள நூலகத்தின் தமிழ்ச் சுவடிகளைப் பற்றி இருவரும் எழுதிக்கொண்டார்கள். அவர்களைச் சேர்த்து வைத்தது ஒரு நூல்.

1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் இந்த வழியை இணையத்தில் அகலமாக்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனனும் ஒருங்கிணைக்க, வெவ்வேறு நாடுகளில் இருந்த தமிழர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். ஒருவர் அடித்ததை இன்னொருவர் மெய்ப்புப் பார்த்தார். ஒருங்குறி பரவாத காலம் அது. எழுத்துரு பொருந்தாவிட்டால் அனுப்பிய பாடல் திரையில் வெறும் குறிகளாகத்தான் தெரியும். ஊதியம் கிடையாது. 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தளிர்விட்டபோது, அதன் தொடக்க ஆண்டுகளில் பெரும்பங்கு ஆற்றியவர் இலங்கையைச் சேர்ந்த, அமீரகத்தில் பணிபுரிந்த இ. மயூரநாதன். ஈழத்து எழுத்துகளைக் காக்கும் நூலகம் திட்டம் 2005இல் தொடங்கியது. யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்ததை நினைவில் சுமப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

விக்கிப்பீடியாவைச் சமூக ஊடகம் என்று சொல்லலாமா என்று கேட்கலாம். கப்லானும் ஹேன்லீனும் 2010இல் செய்த வகைப்பாட்டில் கூட்டாக்கத் திட்டங்களும் சமூக ஊடகத்தின் ஒரு வகையே; அதற்கு அவர்கள் காட்டிய எடுத்துக்காட்டும் விக்கிப்பீடியாதான். தமிழ் விக்கிப்பீடியர்கள் தங்கள் பொது உரையாடல் பக்கத்துக்கு 'ஆலமரத்தடி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரே போதுமான சான்று.

அந்த ஆலமரத்தடியில் சண்டையும் நடக்கும். கிரந்த எழுத்துகளைப் பயன்படுத்தலாமா, அயல்நாட்டு ஊர்ப்பெயரை இலங்கை வழக்கில் எழுதுவதா தமிழக வழக்கில் எழுதுவதா என்பவை பற்றிய விவாதங்கள் பக்கம் பக்கமாக நீண்டவை. முகநூலில் இப்படி ஒரு சண்டை வந்தால் நட்பிலிருந்து நீக்கிவிட்டுப் போகலாம். கட்டுரை எல்லாருக்கும் பொதுவாக இருக்கும் இடத்தில் அது எளிதல்ல. நேற்று எதிர்த்து வாதிட்டவரின் திருத்தத்தை நம்பித்தான் இன்று அடுத்த பத்தியை எழுத வேண்டும். உடன்பாடு இல்லாமலே சேர்ந்திருக்கும் பழக்கம் அங்கே உருவாகிறது. உறவின் முதிர்ச்சிக்கு இதைவிடக் கடுமையான பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

நூல்களைப் பொதுவில் சேர்த்து வைக்கும் விக்கிமூலத்தின் அமைப்பு, இப்படி ஒருவரை ஒருவர் சார்ந்திருப்பதை இன்னும் தெளிவாகக் காட்டும். நூலின் அச்சுப் பக்கம் ஒருபுறம், எழுத்துணரி படித்துக் கொடுத்த உரை மறுபுறம். யாரும் மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பு. ஒருவர் ஒப்பிட்டுத் திருத்தியதும் மஞ்சள். அதைப் பச்சையாக்க, திருத்தியவரால் முடியாது. இன்னொருவர் வந்து படித்துச் சரி என்று சொல்ல வேண்டும். இரண்டாவது ஆள் இல்லாமல் வேலை முடியாது என்பதை அந்த மென்பொருளே விதியாக வைத்திருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய சமையல் நூலில் நான் மஞ்சளாக்கிய பக்கங்களை ஒருவர் தொடர்ந்து பச்சையாக்கி வந்தார். பெயர் புனைபெயர், ஆணா பெண்ணா தெரியாது, தமிழின் 'அவர்' எனக்கு உதவியது. நான் கவனிக்காமல் விட்ட இடத்தில் 'கரி' என்றிருந்ததைக் 'கறி' என்று மாற்றி, என் பேச்சுப் பக்கத்தில் இப்படி எழுதினார்: "அடுப்பில் கரி, சட்டியில் கறி. இரண்டுமே இந்த நூலில் வருவதால் கவனம்." பிறகு பல மாதங்கள் எங்கள் பேச்சு றகரத்தையும் ரகரத்தையும் தாண்டவில்லை. என் தாயார் மருத்துவமனையில் இருந்தபோது மூன்று வாரம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. திரும்பி வந்தபோது ஒரு குறிப்பு காத்திருந்தது: "புதிதாக மஞ்சள் எதுவும் வரவில்லையே, நலமா?" என் முகநூல் பட்டியலில் அப்போது ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். நான் காணாமல் போனதைக் கண்டுகொண்டவர் இவர் ஒருவர்தான். என் வேலை நின்றால் தன் வேலையும் நிற்கும் இடத்தில் அவர் இருந்தார். என் இன்மை அவருக்குத் தெரிந்தது அதனால்தான்.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. செலவே அளவுகோல் என்றால், எல்லாருக்கும் செலவு ஒன்றுபோல இல்லையே. இளம்பெண்களின் கையில் கைபேசி இருப்பதையே குடும்பங்கள் கட்டுப்படுத்தியதை வெங்கட்ராமன் பதிவு செய்திருக்கிறார். ஓர் ஆண் தன் படத்தைப் போட்டு எழுதுவதற்கும் ஒரு பெண் அதைச் செய்வதற்கும் உள்ள அபாயம் ஒன்றல்ல. இந்த மறுப்பை முழுமையாக ஏற்கிறேன். கூட்டுவேலைத் தளங்களை நான் முன்வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே முகமும் ஊரும் சாதியும் கேட்கப்படுவதில்லை. புனைபெயரே போதும், நம்பிக்கை திருத்தங்களின் வரலாற்றிலிருந்து வருகிறது. அங்கும் பெண்கள் குறைவாகவே இருக்கிறார்கள் என்பது நாம் சரிசெய்ய வேண்டிய குறை. நேரம் கிடைக்காததே அவர்களுக்கு முதல் தடை.

தமிழ்த் துறைகளுக்கு ஒரு வேண்டுகோளோடு நிறுத்துகிறேன். சமூக ஊடகத்தின் தீமைகளைப் பற்றி மாணவர்களுக்கு ஆண்டுதோறும் உரை நிகழ்த்துகிறோம். அந்த ஒரு மணி நேரத்தில் வெவ்வேறு ஊர்க் கல்லூரி மாணவர்கள் இருவரை ஒரே நூலின் அடுத்தடுத்த பக்கங்களில் உட்கார வைக்கலாம். ஒருவர் திருத்தட்டும், மற்றவர் சரிபார்க்கட்டும். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் பல விக்கிமூலத்தில் ஏறியிருக்கின்றன. அவற்றில் மஞ்சளாகவே நிற்கும் பக்கங்கள் ஏராளம். இரண்டாவது ஆளுக்காக அவை காத்திருக்கின்றன.