'டைடி'யும் துப்புரவும்

"மேசையை டைடியாக வை" என்னும் தொடர் நம் தமிழ்ப்பள்ளி வகுப்பறைகளில் புழங்கும் ஒன்று. இச்சொல்லுக்குத் தொடக்கத்தில் தூய்மையோடு எவ்விதத் தொடர்பும் இல்லை என்பது பலருக்கும் வியப்பளிக்கலாம்.

'டைடு' என்பது இன்று கடலின் ஏற்றவற்றத்தைக் குறிக்கிறது. பழைய ஆங்கிலத்தில் அது 'காலம்' எனப் பொருள்பட்டது. அதிலிருந்து பிறந்த 'டைடி', உரிய காலத்தில் அமைந்தது என்னும் பொருளையே முதலில் தந்தது. பின்னர், நல்ல நிலையில் உள்ளது, தகுதியானது என விரிந்து, 18ஆம் நூற்றாண்டளவில்தான் ஒழுங்கு என்னும் இன்றைய பொருளில் நிலைபெற்றது.

தமிழிலும் இதற்கு இணை உண்டு. 'செவ்வி' என்றால் தக்க காலம். அழகு என்றும் பொருள்படும். திருக்குறளில் அடக்கமுடைமை அதிகாரத்தின் இறுதிக் குறளில் இச்சொல் காலம் என்னும் பொருளில் வருகிறது. ஒழுங்கைக் குறிக்கும் 'செவ்வை' அதே குடும்பச் சொல். மலாயின் 'கெமாஸ்' ஒழுங்குபடுத்துதலை உணர்த்தும். அதன் வழிவந்த 'பெர்கெமாஸ்', பயணத்திற்கு மூட்டை கட்டுதலையும் உணர்த்தும்.

இவற்றினும் சிந்திக்கத்தக்கது 'துப்புரவு'. இன்று சுத்தம் எனப் பொருள்படும் இச்சொல், தவம் அதிகாரத்தில் துறவிகளுக்கு இல்லறத்தார் அளிக்கும் உணவு முதலியவற்றைக் குறிக்கிறது. நல்குரவு அதிகாரத்தில் நுகரும் பொருள்களைச் சுட்டுகிறது. சோற்றைச் சுட்டிய சொல்லே சுத்தத்தையும் சுட்டுகிறது! "சுத்தம் சோறு போடும்" என்னும் பழமொழியை இங்கு நினைவுகூர்தல் தகும்.

பினாங்குத் தமிழரைப் பொறுத்தவரை இது வெறும் பழமொழியன்று, வாழ்க்கை வரலாறு. தென்னிந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர் ஆயர் ஈத்தாம் ஆற்றையொட்டிய 'டோபி காட்' பகுதியில் துணி வெளுத்துக் குடும்பம் காத்தனர். இந்தி மொழியின் 'தோபி' மலாயில் 'டோபி'யாகி, இன்று மலேசியா முழுவதும் சலவைக் கடைகளின் பெயர்ப்பலகைகளில் நிற்கிறது. ஜார்ஜ் டவுன் 1957 சனவரி முதல் நாள் மாநகரத் தகுதி பெற்றது. 2008இல் உலக மரபுடைமைத் தளமாயிற்று. அந்நகரின் தெருக்களையும் சாக்கடைகளையும் துப்புரவாக வைத்த உழைப்பாளர்களுள் தமிழர் பலர். அவ்வுழைப்பு ஈந்த சோற்றில் வளர்ந்து கல்வி கற்றோரும் பலர்.

ஆயினும், அவர்களைச் சுட்டும் சொற்கள் மட்டும் இழிவேறின. 'தோட்டி' வசைச்சொல்லாயிற்று, 'துப்புரவுத் தொழிலாளர்' என்றனர். தமிழ்நாட்டரசு 2020இல் அதனையும் 'தூய்மைப் பணியாளர்' என மாற்றியது. பெயரை மாற்றுவது நன்றே. எனினும், நம் எண்ணம் மாறாவிடின் புதிய பெயரிலும் பழைய கறை படியும்.

ஆகவே ஆசிரியப் பெருமக்களே, "படிக்காவிட்டால் குப்பை அள்ளத்தான் போவாய்" என்று மாணவரை அச்சுறுத்தும் வழக்கத்தைக் கைவிடுவோம். அந்த வகுப்பிலேயே துப்புரவுப் பணியாளரின் பிள்ளை அமர்ந்திருக்கக்கூடும். துப்புரவு என்பதற்கு உணவென்றும் பொருளுண்டு என்பதை அப்பிள்ளை நம் வாயால் அறியட்டும்.